223ல 69 கிரெய்ன் புல்லட் குறுக்கா விழுது, பேரல் மாத்தணுமா?

டர்பன்தம்பி:
வணக்கம். அப்பாவோட 223 ரெமிங்டன் ரைபிள் இப்போ என் பேர்ல லைசன்ஸ் ஆயிடுச்சு, பேரல்ல 1:12னு அடிச்சிருக்கு. 55 கிரெய்ன் (கிரெய்ன்னா புல்லட் எடை) போட்டா 100 மீட்டர்ல மூணும் அஞ்சு ரேண்ட் காசுக்குள்ள விழுது. ஜூலையில மாமாவோட கரூ வறண்ட வெளிக்கு ஸ்பிரிங்பக் மான் வேட்டைக்குப் போறேன், அங்க காத்து ஜாஸ்தி, கனமான புல்லட் கம்மியா ஒதுங்கும்னு கடையில 69 கிரெய்ன் குடுத்தாங்க. சுட்டா ஓட்டை வட்டமாவே இல்ல, சாவித் துவாரம் மாதிரி நீளமா கிழிஞ்சிருக்கு, ரெண்டு பேப்பரையே தொடல. பேரல் தேஞ்சு போச்சா? 1:7 வாங்கிடலாமா?

உம்கேனிக்காரன்:
பேரல் தேயல தம்பி, 55 தான் ஒழுங்கா போகுதே. 1:12ன்னா புல்லட் 12 இஞ்சு போறதுக்குள்ள ஒரு சுத்து சுத்தும். பம்பரத்த நெனச்சுப் பாரு, குட்டையா குண்டா இருந்தா மெதுவா சுத்துனாலும் நிக்கும், ஒல்லியா நெட்டையா இருந்தா வேகம் பத்தாம சாஞ்சிடும், உன் 69 அப்படித்தான் குறுக்கா சாஞ்சு அடிக்குது. எடைய விட நீளம் தான் முக்கியம், அதனால முழு செம்பு புல்லட் வாங்கும்போது ரொம்ப கவனம், செம்பு ஈயத்த விட லேசு, அதே 55 கிரெய்னே நீளமா வரும். 69க்கு 1:9 போதும், 77க்கு 1:8. 1:7 வேண்டாம், நொடிக்கு 3000 அடி வேகத்துல உன் பேரல் நிமிஷத்துக்கு 1,80,000 சுத்து குடுக்குது, 1:7ல அது 3 லட்சத்த தாண்டும், மெல்லிசான தோல் உள்ள லேசு புல்லட் காத்துலயே பிஞ்சு போகும்.

ஜோபர்க்_அக்கா:
ஒண்ணு விட்டுட்டீங்க அண்ணா, காத்து! ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துல இருந்து 1700 மீட்டருக்கு மேல, காத்து லேசு, அதனால சுத்து பத்தியும் பத்தாம விளிம்புல இருக்கிற புல்லட் கூட இங்க நேரா போயிடும், அதையே டர்பன் கடலோரத்துல குளிர்ல சுட்டா தள்ளாடும். எங்க வீட்டுக்காரர் இங்க டெஸ்ட் பண்ணிட்டு அங்க வந்து ஒரு நாள் முழுக்க ஸ்கோப்ப திருகிட்டே இருந்தார். ரேஞ்ச் டர்பன்ல இருக்கிறது உனக்கு நல்லது தம்பி, அங்க வட்டமா விழுந்தா கரூவுலயும் விழும்.

மரிட்ஸ்பர்க்_தாத்தா:
இது பழைய கதை அப்பா. 1955ல 244 ரெமிங்டன்ங்கிற தோட்டாவுக்கு ரைபிள் 1:12ல வந்துது, 100 கிரெய்ன் போட்டு மானடிக்க நெனச்சவங்க 1:10 இருந்த 243 வின்செஸ்டர் பக்கம் போயிட்டாங்க, பிறகு 1963ல 1:9 போட்டு 6எம்எம் ரெமிங்டன்னு பேர் மாத்தி விட்டாங்க, அப்பவும் அந்த சந்தை திரும்பல. அப்புறம் பேரல கடையில சட்டுனு வாங்கிட முடியாது, நம்ம தென்னாப்பிரிக்காவோட 2000ம் வருஷ ஆயுதச் சட்டப்படி தனி பேரலே ஒரு துப்பாக்கி கணக்கு, ஜூலைக்குள்ள பேப்பர் வராது. முதல்ல கிளீனிங் ராடுல இறுக்கமா துணி சுத்தி உள்ள தள்ளு, ராடு ஒரு முழு சுத்து சுத்துற வரைக்கும் எத்தன இஞ்சுன்னு அள, எழுதியிருக்கிறத நம்பாத.

டர்பன்தம்பி:
அளந்துட்டேன் தாத்தா, மூணு தடவையும் 12 தான் வருது. 69 டப்பாவ மாமாகிட்ட குடுத்தாச்சு, அவரோடது 1:9. நான் ஈய மூக்கு 55லயே போறேன், 150 மீட்டருக்கு மேல சுட மாட்டேன்.