மாட்டுப் பொங்கலும் செம்பாவின் குளம்பும்: குதிரை வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

அந்தியூர் பக்கத்திலிருந்து:

எங்கள் செம்பாவை நான்கு வருடத்துக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கினோம். கத்தியவார் இனம், பெண். இரண்டு காது நுனியும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். வீட்டில் எல்லோருக்கும் செல்லம். அந்தச் செல்லம்தான் அவள் காலுக்கு வினையானது. உங்கள் வீட்டில் குதிரை இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன வருட மாட்டுப் பொங்கல். மாடுகளுக்கு மாலை போட்டுப் பொங்கல் ஊட்டும்போது செம்பாவும் கழுத்தை நீட்டினாள். ஆளாளுக்கு ஒரு கை சர்க்கரைப் பொங்கல், பழம், கரும்புத் துண்டு என்று கொடுத்தார்கள். ராத்திரி, மிச்சமிருந்ததைப் போசியோடு சித்தப்பா அவள் முன்னால் வைத்துவிட்டார். நாலைந்து கிலோ இருந்திருக்கும். வழக்கமான கொள்ளும் தவிடும் அதற்கு மேல்.

மறுநாள் தீனி எடுக்கவில்லை. லத்தி தண்ணீராக, புளித்த வாடையோடு போனது. வயிற்று வலி என்று நினைத்தேன். வயிற்று வலி வந்த குதிரையை நடத்த வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கல் ரோட்டில் ஒரு மணி நேரம் நடத்தினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு பதறுகிறது.

அதற்கடுத்த நாள் காலையில் கொட்டகைக்குப் போனால் அவள் நிற்கும் விதமே வேறாக இருந்தது. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி வைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் பின்னங்காலில் சாய்த்து, யாரோ பின்னால் இழுத்துப் பிடித்த மாதிரி நின்றாள். கூப்பிட்டால் ஒரு அடி வைக்கவில்லை. மூக்கு விடைத்து மூச்சு வாங்கியது.

லாடக்கார பாய்க்கு போன் செய்தேன். வந்து தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது வயிறு இல்லீங்க, காலு. உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. ஒரு அடிகூட நடத்தாதீங்க." அப்புறம் என் கையைப் பிடித்து அவள் முன்னங்காலின் கணுவுக்குப் பின்னால், பக்கவாட்டில் வைத்தார். "அழுத்தாம சும்மா வையுங்க." தோலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று உருண்டது. அதன் மேல் இரண்டு விரலை வைத்ததும் டக் டக் என்று விரலைத் தூக்கி அடித்தது. பிறகு பின்னங்காலில் வைக்கச் சொன்னார். அங்கே அந்தத் துடிப்பைத் தேட வேண்டியிருந்தது. நல்ல குதிரைக்கு நாலு காலிலும் அப்படித்தான் இருக்குமாம். முன்னங்குளம்பைத் தொட்டால் வெயிலில் கிடந்த கல் மாதிரி சூடு.

டாக்டர் பெயர் சொன்னார்: லாமினைட்டிஸ். குளம்புக்குள் ஒரு எலும்பு இருக்கிறது. அந்த எலும்பையும் வெளி ஓட்டையும், புத்தகத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியது போன்ற மெல்லிய மடிப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. குதிரையின் மொத்த எடையும் அந்தப் பிடிப்பில்தான் தொங்குகிறது. மாவுச்சத்து அளவுக்கு மீறிப் போனால் சிறுகுடலில் செரிக்காமல் பின்குடலுக்கு இறங்கிப் புளிக்கிறது. அங்கே அமிலம் ஏறி, நல்ல நுண்ணுயிர்கள் செத்து, அவற்றின் நச்சு ரத்தத்தில் கலக்கிறது. ஒன்று இரண்டு நாளில் அந்த மடிப்புகள் வீங்கிப் பிடியை விடுகின்றன. அந்த நேரத்தில் நடத்தினால் எலும்பு ஓட்டிலிருந்து இன்னும் பிரியும். முற்றினால் எலும்பு நுனி கீழே திரும்பி உள்ளங்காலையே துளைத்துவிடும். நான் நடத்திய ஒரு மணி நேரம் என்ன செய்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

அவளுடைய இதயத் துடிப்பு 72. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். வலியும் வீக்கமும் குறைய ஃப்ளூனிக்சின் ஊசி போட்டார். அடுத்து ஐஸ். கொஞ்ச நேரம் ஒற்றி எடுப்பது போதாது, 2, 3 நாள் விடாமல் குளம்பும் கணுவும் ஐஸ் தண்ணீரிலேயே இருக்க வேண்டும் என்றார். பழைய டிராக்டர் டியூப்பை வெட்டி, அடியை மடித்துக் கட்டி, பூட்ஸ் மாதிரி இரண்டு முன்னங்காலுக்கும் மாட்டினோம். ஐஸ் கம்பெனியிலிருந்து பார் வாங்கி உடைத்து உடைத்துப் போட்டோம். தம்பியும் நானும் மாறி மாறி மூன்று ராத்திரி கொட்டகையிலேயே கிடந்தோம். இரண்டாம் ராத்திரி அவள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள். முழுக் கனமும் அதில் இருந்தது. நான் அசையவே இல்லை.

ஐஸ் எடுத்த பிறகு கெட்டியான தெர்மாகோலை இரண்டு அங்குலக் கனத்தில் குளம்பு அளவுக்கு வெட்டி, டேப் சுற்றி அடியில் கட்டினோம். ஒரு நாளில் நசுங்கிவிடும். நசுங்கியதை எறியாமல் முன்பக்கத்தை மட்டும் சீவி, பின்பாதிக்கு முட்டாக வைத்து, அதற்கடியில் புதிதாக ஒன்று. கொட்டகை முழுக்க மணல் கொட்டினோம். ஊரில் பெரியவர் ஒருவர் குளம்புக்கு மேலே சூடு போடச் சொன்னார். அவருக்கும் அக்கறைதான். ஆனால் நான் சம்மதிக்கவில்லை. வலியில் நிற்கும் மிருகத்துக்கு இன்னொரு வலி எதற்கு?

எக்ஸ்ரேயில் எலும்பு லேசாகத் திரும்பியிருந்தது. தப்பித்தோம் என்றே டாக்டர் சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாய் குளம்பின் முன்நுனியை அரத்தால் குறைத்தார், உள்ளங்காலில் கத்தியே வைக்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி வந்திருந்தால் எழுதுங்கள்.

ஊட்டியிலிருந்து:

எங்கள் குதிரைக்குப் பொங்கலும் இல்லை, தானியமும் இல்லை. வெறும் புல்லிலேயே வந்தது.

ஏரிப் பக்கம் சவாரிக்கு ஓடிய மட்டக் குதிரை. வயதாகிவிட்டது என்று வேலையை நிறுத்திப் புல்வெளியில் விட்டோம். அடுத்த வருடமே நன்றாகச் சதை போட்டது. பிடரிக்கு அடியில் கழுத்து மேடு கட்டியாக, கையால் அசைக்க முடியாமல் இருந்தது. ஆரோக்கியம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம். அது ஆபத்தின் அடையாளமாம்.

ஜனவரியில், உறைபனி விழும் நாட்களில், நடை சுருங்கியது. நேராக நடக்கும், திருப்பினால் மட்டும் முகத்தைச் சுளிக்கும். பகலில் நல்ல வெயிலும் ராத்திரி கடுங்குளிரும் இருந்தால் புல் தான் செய்த சர்க்கரையைச் செலவழிக்காமல் தண்டில் சேர்த்து வைத்துக்கொள்ளும். விடிகாலையில் மேயும் குதிரைக்கு அதுவே விருந்து, அதுவே விஷம். ரத்தத்தில் இன்சுலின் மிக அதிகமாக இருந்தது. இப்போது உடம்பு எடையில் 100-க்கு 1.5 பங்கு காய்ந்த புல் மட்டும், அதையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போடுகிறோம். சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். ஆறு மாதத்தில் கழுத்து இளகியது.

குளம்பைப் பார்த்துப் பழைய கதையையும் கண்டுபிடிக்கலாம். ஓட்டில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும். முன்னால் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்தால், எப்போதோ இந்த நோய் வந்து போயிருக்கிறது. சந்தையில் வாங்கும்போது பல்லைப் பார்க்கிற நாம் இதையும் பார்க்க வேண்டும்.

பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்த ஒருவர்:

தீனி மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள். நான் கவனித்த குதிரைக்கு வலது முன்னங்காலில் தசைநார் கிழிந்தது. கட்டுப் போட்டு நன்றாக ஆறி வந்தது. எல்லோர் கண்ணும் அந்தக் காலிலேயே. மூன்றாவது வாரம் நல்ல காலாக இருந்த இடதில் லாமினைட்டிஸ் வந்தது. வாரக்கணக்கில் பாரம் முழுவதும் ஒரே காலில் நின்றால் அந்தக் குளம்புக்குள் ரத்தம் சரியாக ஓடாது. அமெரிக்காவில் 2006-ல் கென்டக்கி டெர்பி பந்தயத்தை ஜெயித்த பார்பரோ என்ற குதிரையும் இப்படித்தான். இரண்டு வாரம் கழித்து இன்னொரு பந்தயத்தில் வலது பின்னங்கால் உடைந்தது, ஆபரேஷன் செய்தார்கள். ஜூலையில் இடது பின்னங்குளம்பில் நோய் பிடித்தது. அத்தனை வசதி இருந்தும் 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது. செக்ரட்டேரியட் என்ற மாபெரும் குதிரையும் 1989-ல் இந்த நோயால்தான் போனது. ஒரு கால் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே எதிர்க்காலுக்கும் அடியில் முட்டுக் கொடுங்கள்.

என் குதிரையைக் காப்பாற்ற முடியவில்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குட்டி போட்ட குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடி விழ அரை நாள்கூடப் பொறுப்போம். அதே கணக்கில் குதிரைக்கும் ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன். குதிரைக்கு 3 மணி நேரம்தான் கணக்கு. அதற்கு மேல் உள்ளே தங்கினால் கர்ப்பப்பை சீழ் பிடித்து, அந்த நச்சு குளம்புக்குப் போகும். எங்கள் குதிரைக்குக் காய்ச்சல் வந்த அன்றே டாக்டர் வந்து கழுவிவிட்டதால் கால் தப்பியது. விழுந்த கொடியைப் புதைப்பதற்கு முன் விரித்துப் பாருங்கள். ஒரு துண்டு கிழிந்து உள்ளே இருந்தாலும் அதே ஆபத்து.

சென்னையிலிருந்து:

ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றாமல், எலும்பு முறிந்த மாதிரி திடீரென்று நொண்டினால் பெரும்பாலும் அது குளம்புக்குள் சீழ். அதிலும் சூடும் துடிப்பும் இருக்கும், ஆனால் ஒரே காலில். எங்கள் குதிரைக்கு மழைக்காலத்தில் வந்தது. லாடக்காரர் குறடால் அமுக்கி, வலித்த இடத்தில் மட்டும் சிறிதாகத் திறந்ததும் கறுப்புத் தண்ணீர் பீறிட்டது. ஐந்து நிமிடத்தில் காலை ஊன்றினான். தடுப்பூசி டெட்டனஸுக்குக் கட்டாயம் இருக்க வேண்டும். குதிரைக்கு அது லேசில் வரும்.

சேற்றில் நிற்கும் குதிரைக்கு உள்ளங்காலின் நடுவில் மெத்தென்ற முக்கோணப் பகுதி அழுகும். குளம்பைத் தூக்கியதும் வாடையே சொல்லிவிடும். தினமும் குத்திச் சுத்தம் செய்து, தரையைக் காய வைத்தால் முக்கால்வாசி சரியாகிவிடும்.

செம்பா இப்போது எப்படி இருக்கிறாள்?

மீண்டும் அந்தியூர் பக்கத்திலிருந்து:

கேட்டதற்கு நன்றி. லாய நண்பருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் வரிகளைப் படித்த பிறகு தினமும் நாலு காலையும் தொட்டுப் பார்க்கிறேன். முன்பு முன்னங்காலோடு நிறுத்திவிடுவேன். காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன்பே அது முடிந்துவிடும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

செம்பா நடக்கிறாள். சவாரி இன்னும் இல்லை. கொள்ளும் தவிடும் நிறுத்திவிட்டோம். காய்ந்த கொழுக்கட்டைப் புல்தான் தீனி. அந்தப் புல் உடம்பின் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் கால்சியம் மாவும் சேர்க்கச் சொன்னார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பாய் வந்து குளம்பு சீவுகிறார்.

பொங்கலுக்குப் பிறகு குளம்பின் மேல் விளிம்பில் ஒரு பள்ளக் கோடு விழுந்தது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக அது கீழே இறங்கி வந்தது. கோட்டுக்கு மேலே வளர்ந்த ஓடு நேராக, இறுக்கமாக இருந்தது. கீழே பழையது விரிந்து கிடந்தது. மார்கழிக் கடைசியில் கோடு தரையைத் தொட்டது. பாய் அரத்தால் இழுத்ததும் அந்தக் கடைசி விளிம்பு பிறை மாதிரி கழன்று விழுந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த மாட்டுப் பொங்கலுக்குச் சித்தப்பா காலையிலேயே கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தட்டோடு வந்த குழந்தைகளிடம், "கண்ணு, இவளுக்குப் பொங்கல் ஆகாது, புல்லுக் கொடு" என்று ஆளுக்கு ஒரு பிடி கையில் கொடுத்தார். இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை.