புதுப்பிப்பு: பழைய வணிகக்குறிகள் புதிய தேடலில் வராத சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் காகிதப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றிய பிறகு, பழைய வணிகக்குறிகள் பல வகுப்புவாரித் தேடலில் வரவில்லை என்று கேட்டிருந்தேன்.

முதலில் ஸ்கேன் தரத்தைச் சோதித்தோம். பலனில்லை. "நைஸ் வகைப்பாட்டின் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வணிகக்குறி பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரிக்கும் பன்னாட்டுப் பட்டியல் அது. 2002 ஜனவரி 1 அன்று 8ஆம் பதிப்பு நடைமுறைக்கு வந்தபோது 42 வகுப்புகள் 45 ஆயின. பழைய 42ஆம் வகுப்பு நான்காகப் பிரிந்தது. உணவகச் சேவை 43க்குப் போனது. சட்டச் சேவை 2007இல் 9ஆம் பதிப்பில்தான் 45க்குப் போனது. எங்கள் பழைய பதிவுகளில் எல்லாமே 42தான். ஓர் உணவகப் பெயரை 43இல் தேடிய ஆய்வாளருக்கு வெற்றுத் திரை வந்தது. அதே பெயர் 1998ஆம் ஆண்டு அட்டையில் நீல மையில் தெளிவாக இருந்தது! இப்படி விட்டுப்போனால் முன்பே பதிவு செய்தவருக்கு எவ்வளவு பெரிய அநியாயம்.

பதிவான வகுப்பு எண்ணை நாங்கள் தொடவில்லை. தேடலுக்கென்று தனிப் புலம் சேர்த்து, சேவை விவரத்தைப் படித்துக் கையாலேயே நிரப்பினோம். இப்போது தேடல் சரியாக வருகிறது.

எதிர்பாராதது ஒன்று: 03/04 போன்ற தேதிகளில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. ஒரு நாட்டில் முதலில் விண்ணப்பித்தவர் அந்தத் தேதியின் உரிமையோடு மற்ற நாடுகளில் விண்ணப்பிக்க, பாரிஸ் உடன்படிக்கை வணிகக்குறிக்குத் தரும் முன்னுரிமைக் காலம் 6 மாதம்தானே. இரு விண்ணப்பத் தேதிகளின் இடைவெளி அதைத் தாண்டியதாகக் காட்டும் பதிவுகளைத் தனியே எடுத்து, மூல அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்தி வருகிறோம்.