குற்றச்சாட்டுக்கு ஆளான தலைவரைக் கட்சி நீக்கத்தான் வேண்டுமா?

காரைக்குடி உறுப்பினர்:
அனைவருக்கும் வணக்கம். இருபது ஆண்டுகளாக ஒரு கட்சியின் அடிப்படை உறுப்பினராக இருக்கிறேன். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி எங்கள் நகரப் பொறுப்பாளர் இரண்டு குடும்பங்களிடம் பணம் பெற்றதாகப் புகார் எழுந்ததால், ஏழு பேர் கையெழுத்திட்ட கடிதத்தை மாவட்டத் தலைமையிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய நிர்வாகி, உறையைப் பிரிக்காமலே மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, "கோர்ட் சொல்லட்டும், பார்க்கலாம்" என்றார். நான்கு மாதங்களாகப் பதில் இல்லை. தீர்ப்பு வரும்வரை கட்சி காத்திருப்பது முறைதானா?

தேவகோட்டை வழக்கறிஞர்:
முறையில்லை. லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்ற சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் உடனே பதவி இழக்கிறார்கள். வெறும் குற்றச்சாட்டு நிலையில் அந்தச் சட்டம் அவர்களைத் தொடுவதில்லை. உங்கள் நகரப் பொறுப்பாளருக்கோ அதுவும் பொருந்தாது, அவரைக் கேள்வி கேட்கக் கட்சியின் விதிகள்தாம் இருக்கின்றன. அரசியல்வாதிகள் பலருக்குச் சட்டவிரோதமாகப் பணம் தரப்பட்டதாகச் சொன்ன ஹவாலா வழக்கில் பெயர் அடிபட்டதும் 1996இல் பா.ஜ.க. தலைவர் அத்வானி மக்களவை உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். நீதிமன்றம் விடுவித்த பிறகு, 1998 தேர்தலில் நின்று திரும்பி வந்தார்.

பள்ளத்தூர் ஓய்வுபெற்ற கணக்கர்:
வழக்கறிஞர் ஐயா சொன்னதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அப்போதும் அத்வானி கட்சித் தலைவராகத் தொடர்ந்தார். அவரைக் கட்சி நீக்கவும் இல்லை, விலகச் சொல்லவும் இல்லை. புகார் வந்தாலே நீக்கம் என்று விதி வைத்தால், உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு ஊரிலும் எதிர்கோஷ்டியினர் மனுவோடு வந்து நிற்பார்கள். அதற்காகப் புகாருக்கு ஆளானவர் கையிலேயே பொறுப்பை விட்டுவைக்கவும் கூடாது. பர்மாவில் வட்டிக்கடை ஏஜெண்டாக இருந்த எங்கள் ஐயா, கணக்கில் ஐயம் எழுந்தால் பெட்டிச் சாவியை அடுத்தாளிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும், பேரேட்டைப் பிறர் புரட்டி ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) சரிபார்க்கும்வரை அதில் கைவைக்கக் கூடாது என்றும் சொல்வார்கள். யாரையும் திருடன் என்று சொல்லாமலே பெட்டியைக் காத்த ஏற்பாடு அது. கட்சியும் பொறுப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, உறுப்பினர் அட்டையை விசாரணை முடியும்வரை விட்டுவைக்கலாம்.

தேவகோட்டை வழக்கறிஞர்:
ஏற்கிறேன். ஆனால் விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும், விசாரிப்பவர் அவருடைய ஆளாகவும் இருக்கக் கூடாது. நாள் குறிக்காத இடைநீக்கம் புகாரை மறக்கடிக்கத்தான் உதவும்.

காரைக்குடி உறுப்பினர்:
இருவருக்கும் நன்றி. அவரை நீக்குங்கள் என்றுதான் முன்பு எழுதியிருந்தோம். பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்து, முப்பது நாட்களுக்குள் வெளி மாவட்ட நிர்வாகி ஒருவர் விசாரிக்க வேண்டும் என்று அந்தக் கோரிக்கையை மாற்றி எழுதி, இம்முறை பதிவுத் தபாலில் அனுப்புகிறோம்.