ஸ்லைட் வைடாலில் எச் 1:320, லெப்டோ ஐஜிஎம் நெகட்டிவ்: இதை எப்படி வாசிப்பது?

படுவான்கரை_லேப்
பெரும்போக வேலை தொடங்கினால் காய்ச்சல்காரர்களின் இரத்தம் குவியும். படிவங்களில் வைடால் (நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபொயிட்டுக்கான அன்டிபொடிச் சோதனை), லெப்டோ (எலிக்காய்ச்சல் சோதனை) இரண்டும் சேர்த்தே எழுதப்பட்டு வருகின்றன. ஒரு மாதிரி: 45 வயது ஆண், வயல் வேலை, காய்ச்சல் 4ஆம் நாள், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு. ஸ்லைட் வைடாலில் ஓ அன்டிபொடி 1:80, எச் அன்டிபொடி 1:320 ஐதாக்கல் வரை. லெப்டோ ஐஜிஎம் (தொற்றில் முதலில் வரும் அன்டிபொடி) ராப்பிட் கார்ட் நெகட்டிவ். இதை நெருப்புக் காய்ச்சல் என்று எடுக்கலாமா? ஒரே கிருமிதானே, ஓவும் எச்சும் ஏன் இப்படி வேறுபடுகின்றன? ஆள் முன்பு சாப்பாட்டுக் கடையில் நின்றவர், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூலம் டைபொயிட் ஊசியும் போட்டிருக்கிறார். அதனால் எச் கூடியிருக்குமா?

நுண்ணோக்கி
எடுக்க முடியாது. ஊசியையும் குற்றம் சொல்ல வேண்டாம். இப்போது போடுகிற ஊசிகளில் இருப்பது கிருமியின் வெளியுறையிலுள்ள வீ-ஐ அன்டிஜன் மட்டும். வைடால் வீ-ஐ அன்டிபொடியைப் பார்ப்பதே இல்லை. எச்சைக் கூட்டிவிட்டது பழைய காலத்து முழுக்கிருமி டி.ஏ.பி. (டைபொயிட், பராடைபொயிட் ஏ, பி) ஊசிதான்.

ஓ என்பது கிருமியின் வெளிச்சவ்விலுள்ள லிப்போபொலிசக்கரைட்டின் சர்க்கரைச் சங்கிலி. அதற்கான அன்டிபொடி முதலில் ஏறி, சில மாதங்களில் இறங்கிவிடும். எச் என்பது சவுக்குமுளையின் புரதம். அதற்கான அன்டிபொடி நீண்ட காலம் நிற்கும், சம்பந்தமில்லாத வேறு காய்ச்சலிலும் மறுபடி தலைதூக்கும். ஆக எச் மட்டும் உயர்ந்திருப்பது பெரும்பாலும் பழைய தொற்றின் கதை.

ஓவையும் முழுதாக நம்ப முடியாது. டைபொயிட் கிருமியான டைபியின் ஓ அன்டிஜன்கள் 9, 12. இதில் 12 பராடைபொயிட் கிருமியான பராடைபியிலும் இருக்கிறது. அதோடு காய்ச்சல் தொடங்கி முதல் வாரம் முடியும் தறுவாயில்தான் அன்டிபொடி கண்ணுக்குத் தெரியும். 4ஆம் நாளில் கேட்க வேண்டியது இரத்த கல்ச்சர்: வளர்ந்தவருக்கு 8–10 மில்லிலீற்றர், அன்டிபயோட்டிக் தொடங்க முன், இரத்தத்தைப் போல் 5 முதல் 10 மடங்கு புரோத்தில் (கிருமி வளர்க்கும் திரவம்).

கல்ச்சரில் டைபி வளர்ந்து, ஸ்லைட்டில் ஓ அன்டிபொடி உள்ள சீரத்தோடு திரளாவிட்டால் அவசரப்பட்டு நெகட்டிவ் போடாதீர்கள். வீ-ஐ உறை ஓவை மறைத்திருக்கும். கிருமிக் கரைசலைக் கொதிநீரில் வைத்து, ஆறவிட்டு, மறுபடி பாருங்கள்.

குழாய்வரிசை
ஸ்லைட் முடிவை டைட்டராக (திரளல் தெரியும் கடைசி ஐதாக்கல்) எழுதுவதே எனக்குப் பிடிக்காது. 80, 40, 20, 10, 5 மைக்ரோலீற்றர் சீரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி அன்டிஜன் (கிட்டில் வரும் கிருமிக் கரைசல்), அதிலிருந்து 1:20 முதல் 1:320 வரை என்று கணக்குப் போடுவது வெறும் மதிப்பீடு. ஒரு நிமிடத்தில் வாசிக்க வேண்டும். மின்விசிறிக்குக் கீழே வைத்து இரண்டு, மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரம் காய்ந்து மணிமணியாகத் தெரியும். அதையும் பொசிட்டிவ் என்று எழுதுபவர்கள் உண்டு.

குழாய் முறை பெரிய வேலையில்லை. முதல் குழாயில் 1.9 மில்லி சேலைன், 0.1 மில்லி சீரம்: 1:20. அடுத்த ஐந்திலும் 1 மில்லி சேலைன். ஒன்றிலிருந்து 1 மில்லி எடுத்து அடுத்ததில் கலந்து கொண்டே போய், கடைசிக் குழாயிலிருந்து 1 மில்லியை வெளியே ஊற்றுங்கள். 1:640 வரை கிடைக்கும். ஏழாவதில் சேலைன் மட்டும், அது கன்ட்ரோல். ஏழிலும் ஒரு துளி அன்டிஜன். ஓவுக்கு ஒரு வரிசை, எச்சுக்கு வேறொரு வரிசை. நேரமும் வெப்பமும் கிட் தாளில் உள்ளபடி. பலவற்றில் 37 பாகை, இரவு முழுக்க.

வாசிக்கும்போது குழாயை ஆட்டாமல் முதலில் அடியைப் பாருங்கள். எச் திரண்டால் பஞ்சுபோல் பொதுமிக் கிடக்கும், இலேசாகத் தட்டினாலே கலையும். ஓ திரண்டால் அடியில் விரிப்பாகப் படர்ந்து, ஓரம் கிழிந்த மாதிரி, மணலாக இருக்கும். இறுக்கமான சின்னப் பொத்தான் நெகட்டிவ். கன்ட்ரோல் குழாயே திரண்டிருந்தால் முழு வரிசையும் குப்பைக்கு. அன்டிஜன் குப்பி ஐஸ் கட்டியிருந்தால் அப்படி வரும். 2–8 பாகையில் வையுங்கள், ஃபிரீசர் பெட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள்.

முதல் இரண்டு குழாய் நெகட்டிவ், பின்னால் பொசிட்டிவ் என்று வந்தால் குழம்ப வேண்டாம். அன்டிபொடி அளவுக்கு மிஞ்சினால் முன்குழாய்களில் வலை பின்னாது.

படுவான்கரை_லேப்
நன்றி. லெப்டோ நெகட்டிவை எப்படி எடுப்பது? வார்ட்டில் ‘எலிக்காய்ச்சல் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்களே.

வாவிக்கரை
அதுதான் ஆபத்து. லெப்டோ ஐஜிஎம் 5–7 நாளுக்குப் பிறகே பிடிபடும். 4ஆம் நாள் நெகட்டிவுக்கு அர்த்தமே இல்லை. முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில்தான் ஓடுகிறது, வசதி இருந்தால் ஈடிடிஏ சேர்த்த, உறையாத இரத்தத்தில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை). இல்லாவிட்டால் இன்று ஒரு சீரம், 10–14 நாள் கழித்து இன்னொன்று, இரண்டையும் சேர்த்து கொழும்பு எம்.ஆர்.ஐ.க்கு (மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம்) எம்.ஏ.டி. (நுண்ணோக்கியில் பார்க்கும் திரட்டல்) சோதனைக்கு.

எம்.ஏ.டி.யில் அன்டிஜன் உயிருள்ள லெப்டோஸ்பைராவே. பல சீரோவார்களை (கிருமியின் உள்வகைகள்) வரிசையாக வைத்து, இருட்புல நுண்ணோக்கியில் பார்த்து, கன்ட்ரோலோடு ஒப்பிட பாதிக் கிருமி திரண்ட கடைசி ஐதாக்கலை டைட்டராக எடுப்பார்கள். நான்கு மடங்கு ஏறினால் உறுதி. இங்கும் பிரதான அன்டிஜன் லிப்போபொலிசக்கரைட்டே, அது சீரோவாருக்குச் சீரோவார் மாறும். போன போகத்தில் எலிக்காய்ச்சல் வந்தவருக்கு இந்தப் போகம் வேறு சீரோவாரால் மறுபடி வரலாம். ‘ஒருதரம் வந்தா இனி வராது’ என்று வயலுக்குள் சொல்லிக்கொள்வதைக் காதில் போடாதீர்கள்.

நோயாளியின் கதை, கெண்டைக்கால், கண் எல்லாம் லெப்டோவைத்தான் காட்டுகின்றன. மருந்து சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவமும் சந்தேகத்திலேயே போகலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மருந்து வேளைக்குத் தொடங்கினால் இரண்டாவது சீரத்தில் டைட்டர் ஏறாமலும் இருக்கும்.

நுண்ணோக்கி
ரிப்போர்ட்டில் வெறும் ‘நெகட்டிவ்’ என்று விடாமல் இப்படி எழுதுங்கள்: ‘காய்ச்சல் 4ஆம் நாள் மாதிரி. லெப்டோ ஐஜிஎம் கண்டறியப்படவில்லை. நோயை விலக்க இது போதாது. 10–14 நாளில் இரண்டாவது சீரம் அனுப்பவும்.’ வைடாலுக்குக் கீழே ‘இரத்த கல்ச்சர் அவசியம்’. முதல் சீரத்தை மூடியில் திகதி எழுதி, இரண்டாவது வரும்வரை ஃபிரீசரில் வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே லொட் அன்டிஜனில் ஓட்டினால்தான் நான்கு மடங்கு என்ற கணக்கு நிற்கும்.