கடல்நீர் ஒலியை எவ்வளவு உறிஞ்சுகிறது: மூதூரில் அளக்கலாமா?

உப்புவெளி மாணவி:
உயர்தரச் செயற்றிட்டத்துக்காகக் கேட்கிறேன். மாமாவின் படகில் 50, 200 கிலோஹேர்ட்ஸ் இரண்டும் உள்ள எக்கோ சவுண்டர் (ஒலியனுப்பி ஆழம் பார்க்கும் கருவி) இருக்கிறது. அதன் ஒலியனுப்பும் தலையை மூதூர் இறங்குதுறையில் பக்கவாட்டாகக் கட்டி, தள்ளிப்போய்ச் சத்தத்தைப் பதிய நினைக்கிறேன். தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும் என்கிறார் சேர். அதுதானா உறிஞ்சல்? போனில் பதியலாமா?

எக்கோ திருத்துபவர்:
இல்லை, தங்கச்சி. அந்த 6 ஒலி விரிந்து போவதால் வருவது, குளத்திலும் அதேதான். உறிஞ்சல் அதற்கு மேலே. எங்கள் கடல் 28 பாகையில் இருக்கும்போது 50 கிலோஹேர்ட்ஸில் கிலோமீற்றருக்கு 10 டெசிபெல் அளவில் போகும், 200இல் 90 அளவில். இதைச் செய்வது சாப்பாட்டு உப்பு இல்லை, கொஞ்சமாய்க் கரைந்திருக்கும் மகனீசியம் சல்பேற்று. அமுக்கம் ஏறி இறங்க அதன் அயன்கள் பிரிந்து சேரும். அலையின் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க ஏலாது. அந்தப் பின்தங்கலில் ஒலிச்சக்தி வெப்பமாகிவிடும்.

50, 200 என்ற இரண்டு மீடிறனும் (அதிர்வெண்ணும்) கையில் இருப்பது பெரிய வசதி. இரண்டையும் 10 மீற்றரிலும் 110 மீற்றரிலும் அளவுங்கள். விரிவால் வரும் குறைவு இரண்டுக்கும் ஒன்று, 200இன் குறைவிலிருந்து 50இன் குறைவைக் கழித்தால் அடிபட்டுப் போகும். மிச்சம் 8 டெசிபெல் அளவில் நின்றால் அது இரண்டின் உறிஞ்சல் வித்தியாசம்தான்.

போன் சரிவராது, 24 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் அதற்குக் கேட்காது. அதே வகைப் பழைய தலை ஒன்றைப் பாடசாலை அலைவுகாட்டியில் (சைகையைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) பூட்டி, ஒலியை வாங்கும் பக்கமாக வையுங்கள். இரண்டும் 5 மீற்றர் ஆழத்தில் இருந்தால், 100 மீற்றர் தூரத்தில் மேற்பரப்பில் தெறித்த ஒலி மூன்றில் ஒரு மில்லிசெக்கன்தான் பிந்தி வரும். துடிப்பு அதைவிடக் குட்டையாக இருக்கவேண்டும், முதலில் வருவதை மட்டும் எடுங்கள். 200இன் கற்றை ஒடுக்கம். தலை கொஞ்சம் ஆடினாலும் அளவு மாறிவிடும். கம்பத்தில் இறுக்கிக் கட்டுங்கள்.

நிலாவெளிப் படகு:
மூதூர் வேண்டாம், பிள்ளை. மகாவலி விழுகிற இடம், மாரியில் நன்னீர் மேலே படிந்து நிற்கும். புறாத்தீவுப் பாறையடியும் வேண்டாம். நகம் சொடுக்கும் இறால்கள் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஓயாமல் சத்தம் போடும். காற்றில்லாத காலையில் போங்கள், நுரைக்குமிழிகளும் ஒலியைத் தின்னும்.

உப்புவெளி மாணவி:
நன்றி அண்ணா, ஐயா. அப்படியென்றால் இங்கே வரும் நீலத்திமிங்கிலத்தின் குரல்?

எக்கோ திருத்துபவர்:
அது ஏறக்குறைய 100 ஹேர்ட்ஸும் அதற்குக் கீழும். 100 கிலோமீற்றர் போனாலும் உறிஞ்சலில் ஒரு டெசிபெல்கூடப் போகாது. அதையும் அறிக்கையில் ஒரு பந்தி எழுதுங்கள்.