ட்ரோன் தொழில்: எந்தப் பகுதியில் கால் வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ட்ரோன் சேவைத் தொழிலில் இறங்க நினைக்கிறேன். எந்த மாதிரிப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது என்று உங்கள் யோசனை வேண்டும்.

ட்ரோன் பயன்பாட்டுக்கு வந்த காரணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ருவாண்டாவில் மலைச்சாலைப் பயணம் தாமதமாவதால் 2016-இல் மருத்துவமனைகளுக்கு ரத்தத்தை ட்ரோனில் அனுப்பத் தொடங்கினார்கள். ஜப்பானில் வயல்வேலைக்கு ஆள் குறைந்ததால், மருந்து தெளிக்கும் ஆளில்லா ஹெலிகாப்டர்கள் 1980-களின் கடைசியிலேயே வந்துவிட்டன. அமெரிக்காவில் 2016-இல் சிறு ட்ரோன்களின் வணிகப் பயன்பாட்டுக்குத் தனி விதி வந்தது. ஆக, தேவை, ஆள் பற்றாக்குறை, தெளிவான விதி மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எனக்கு மருந்து தெளிப்பில்தான் ஆர்வம். ஆனால் தொட்டி நிறைய மருந்தோடு பறந்தால் பேட்டரி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வயலோரமே ஜெனரேட்டர் வைத்து மாற்றி மாற்றி சார்ஜ் போட வேண்டும். அப்புறம், பருவம் முடிந்தால் இயந்திரம் சும்மா கிடக்கும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: அந்த மாதங்களில் நில அளவை, சூரிய மின்தகடு ஆய்வு போன்ற வேலைகள் கைகொடுக்கின்றனவா? ஒரே ட்ரோனை இரண்டுக்கும் பயன்படுத்த முடியுமா, தனியாக வாங்கத்தான் வேண்டுமா? பழுதுபார்க்கும் இடம் தொலைவில் இருந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?