ஷகோடான் கமுய் முனைக்கு உனி சாப்பிடப் போகலாமா? கார் கிடையாது, நண்பர் சைவம்

யோகோஹாமாவாசி:
வணக்கம். ஜூலை இரண்டாவது வாரம் நானும் என் அறைத்தோழரும் நான்கு நாள் ஹொக்கைடோவில் உள்ள சப்போரோ போகிறோம். அதில் ஒரு நாளை ஷகோடான் தீபகற்பத்துக்கு ஒதுக்கி, கமுய் முனை வரை போய்விட்டு அப்படியே உனிச் சோறு (கடல் முள்ளெலிதான்) ஒரு கிண்ணம் சாப்பிட்டு வரலாம் என்று நினைப்பு. சிக்கல் என்னவென்றால் இரண்டு பேருக்கும் ஓட்டுநர் உரிமம் இல்லை. அப்புறம், எனக்கு உனி பிடிக்குமா என்பதே சந்தேகம். டோக்கியோவில் ஒரு சுழலும் சுஷிக் கடையில் ஒரே ஒரு தடவை வாயில் போட்டேன், மாத்திரை கரைந்த மாதிரி ஒரு கசப்பு, சூடான தேநீரை ஊற்றித்தான் உள்ளே தள்ள முடிந்தது. நண்பரோ சுத்த சைவம், முட்டை மட்டும் பரவாயில்லை. இத்தனைக்கும் அங்கே போகத்தான் வேண்டுமா, போனவர்கள் சொல்லுங்கள்.

பனிக்கரடி_சப்போரோ:
போங்க, கண்ணை மூடிக்கொண்டு போங்க. நீங்கள் சரியான மாதத்தில்தான் கேட்கிறீர்கள். ஷகோடானில் உனி பிடிப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான், செப்டம்பரில் போனால் கடல் மட்டும்தான் பார்க்கக் கிடைக்கும்.

அந்தக் கசப்பு உனியின் குணமில்லை, பெரும்பாலும் படிகாரம். ஓட்டை உடைத்து எடுத்த உனி சீக்கிரம் குழைந்து கரைந்துவிடும், அதனால் மரத்தட்டில் அடுக்கித் தூரதேசம் அனுப்பும்போது உருக்குலையாமல் இருக்கப் படிகாரத் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். பழசாக ஆக அந்தக் கசப்பு மேலே வரும். ஷகோடானில் காலையில் பிடித்ததை அன்றைக்கே சோற்றின் மேல் வைக்கிறார்கள், படிகாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. நானும் முதல் தடவை உங்களைப் போல மூஞ்சியைச் சுளித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். கிண்ணத்தைக் கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக நிற்கிறது, மேலே பூனை நாக்கு மாதிரி சின்னச் சின்னச் சொரசொரப்பு, சோயா சாஸ் ஒரு சொட்டு விட்டால் அதன் மேல் வழுக்கி ஓடுகிறது. வாயில் வைத்தால் முதலில் கடலுப்பு, அப்புறம் ஒரு இனிப்பு, அவ்வளவுதான், காணாமல் போய்விடும். கொம்பு என்கிற கடற்பாசியைத் தின்று வளர்கிற பிராணி, அந்த ருசி அப்படியே இறங்கியிருக்கும்.

இரண்டு வகை உண்டு. முரசாகி என்பது கறுத்த நீள முள், உள்ளே வெளிர் மஞ்சள், உள்ளூரில் வெள்ளை என்பார்கள். பஃபுன் குட்டை முள், உள்ளே ஆரஞ்சு, அதைச் சிவப்பு என்பார்கள். பஃபுன் என்றால் குதிரைச் சாணி என்று அர்த்தம், பெயர் வைத்தவருக்கு நல்ல கற்பனை. சிவப்பு கொஞ்சமாகத்தான் கிடைக்கும், விலையும் அதிகம். முதல் தடவை வெள்ளையே போதும், அதுதான் லேசானது. போன ஜூலையில் வெள்ளைக் கிண்ணம் ஐயாயிரம் யென்னுக்கு மேலே கொடுத்தேன். பல கடைகளில் பலகையில் எண்ணே இருக்காது, ஜிகா என்று எழுதியிருக்கும், அதாவது அன்றைய விலை. வெட்கப்படாமல் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ஒரே எச்சரிக்கை. உனி பிடிப்பவர்கள் சின்னப் படகில் போய், அடியில் கண்ணாடி வைத்த பெட்டி வழியாகக் கடலுக்குள் பார்த்து நீளக் கழியால் எடுக்கிறார்கள். அலை கொஞ்சம் அடித்தாலும் கடலின் தரை தெரியாது, படகு போகாது. ஷிகே என்பார்கள். ஷிகே என்றால் அன்றைக்கு உனி இல்லை, சில கடைகள் திறக்கவே மாட்டார்கள்.

ரயில்பைத்தியம்:
கார் இல்லாமல் போகலாம், ஆனால் நாள் முழுக்கப் பேருந்து நேரத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். சப்போரோவிலிருந்து ஒடாரு வரை ரயில், வேக வண்டி என்றால் அரை மணி நேரம் சொச்சம். ஒடாரு நிலையத்துக்கு முன்னாலிருந்தே ஹொக்கைடோ சூவோ பேருந்து, யொயிச்சி, பிகுனி வழியாகப் போகிறது, முனை வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல். முனை வரைக்குமான சேவை கோடைப் பருவத்தில் மட்டும்தான், அதிலும் ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணலாம். இந்த வருட அட்டவணையை எடுத்து, திரும்பும் பேருந்தை முதலில் குறித்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி மற்றதை வையுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். முனையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்று இரண்டு மணிக்குக் கடை வாசலுக்குப் போனால் உனி தீர்ந்துவிட்டது என்று பலகை தொங்குகிறது. கணவாய்ச் சோறு தின்றுவிட்டு வந்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் வயிற்றெரிச்சல்.

முனையில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நுனிக்கு 770 மீட்டர் நடை, ஏற்ற இறக்கம், இருபது நிமிடம் ஆகும். காற்று பலமாக அடித்தால் வாசலை மூடிவிடுவார்கள். அந்த வாசலில்தான் பெண்களுக்கு இருந்த பழைய தடை பற்றி எழுதியிருக்கிறது. பெண்கள் ஏறிய கப்பல் இந்த முனையைத் தாண்டினால் கவிழும் என்று நம்பி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்களை இதற்கு வடக்கே விடவில்லையாம். யொஷிட்சுனே என்ற பழங்கால வீரனைக் காதலித்த சரென்கா என்ற ஐனுப் பழங்குடித் தலைவர் மகள் இங்கே கடலில் விழுந்து சபித்தாள் என்பது கதை. நுனியில் தெரிகிற கமுய் பாறை அவள்தான் என்பார்கள்.

கதையை விடுங்கள், நடந்த விஷயம் ஒன்று இருக்கிறது. நுனியிலுள்ள கலங்கரை விளக்கம் 1888இல் ஏற்றப்பட்டது. 1912இல் விளக்கக் காவலரின் மனைவியும் உதவிக் காவலரின் மனைவியும் ஒரு சிறு பையனும் பக்கத்து ஊருக்குச் சாமான் வாங்கப் பாறையோரமாகப் போனபோது அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம்தான் ஊர்க்காரர்கள் பாறையில் சுரங்க வழி குடைந்தார்கள். இரண்டு பக்கமிருந்தும் வெட்டி நடுவில் அளவு தப்பிவிட, மணியடித்து நெம்புட்சு என்கிற பௌத்த மந்திரம் ஓதி, அந்தச் சத்தத்தை வைத்துத் திசை பிடித்து 1918இல் முடித்தார்களாம். அதனால் நெம்புட்சு சுரங்கம் என்றே பெயர்.

சும்மாஇருப்பவன்:
என்னைக் கேட்டால் வேண்டாம். போக வர ஐந்து மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து, பெரிய நோட்டு ஒன்றைக் கரைத்து, பத்து வாயில் முடிகிற சோற்றுக்கா? ஒடாருவிலேயே உனி கிடைக்கிறதே.

பனிக்கரடி_சப்போரோ:
@சும்மாஇருப்பவன் கிடைக்கிறது, வருடம் முழுக்கக் கிடைக்கிறது, சந்தேகம் அங்கேதான். மூன்று மாதம் மட்டும் பிடிக்கிற பொருள் டிசம்பரிலும் கிடைத்தால் அது வேறு கடலிலிருந்து வந்தது. ஷகோடான் உனிதான் என்று கேட்டு வாங்கினால் ஒடாருவிலும் தப்பில்லை. ஆனால் ஷகோடான் கடல் தண்ணீரின் நிறத்தை யாரும் ஒடாருவுக்கு அனுப்பி வைப்பதில்லை.

பாறை இடுக்கில் உனி கையெட்டும் தூரத்திலேயே தெரியும். ஆசைப்பட்டு எடுத்துவிடாதீர்கள், மீன்பிடி உரிமைச் சட்டம், 10 லட்சம் யென் வரை அபராதம்.

புளிச்சோறு:
நண்பருக்காக. கடலோரக் கடைகளில் சைவம் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். மிசோ சூப்பிலும் காய்கறி வேகவைத்த தண்ணீரிலும்கூட மீன் தஷி, அதாவது மீன் ஊறிய சாறு, இருக்கும். கொம்புவில் மட்டும் எடுத்த தஷியா என்று கேட்டுப் பார்க்கலாம், பரபரப்பான மதிய நேரத்தில் பதில் வராது. ஒடாருவிலேயே வெறும் உப்பு ஒனிகிரி (சோற்று உருண்டை), பழம், ரொட்டி என்று கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். புளித்த உமே (ஊறுகாய்ப் பழம்) வைத்த ஒனிகிரியிலும் சில சமயம் கட்சுவோ மீன் சாறு கலந்திருக்கிறது, உறையின் பின்பக்கம் படிக்க வேண்டும்.

யோகோஹாமாவாசி:
போய்விட்டு வந்தாயிற்று, எல்லோருக்கும் நன்றி. முதலில் குறித்த நாள் ஷிகே. காலையில் விடுதியிலிருந்து ஜப்பானிய சக ஊழியரை விட்டுக் கடைக்குப் போன் போடச் சொன்னோம், இன்றைக்கு வராதீர்கள் என்றார்கள், நல்லவேளை. மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்து, திறக்கும்போதே வாசலில் நின்றும் எங்களுக்கு முன்னால் பதினோரு பேர். வெள்ளைதான் கேட்டேன். கசப்பு துளியும் இல்லை. பாதி தீரும் வரை நான் எதுவுமே பேசவில்லை என்று நண்பர் சொல்கிறார். அவர் உப்பு ஒனிகிரியோடு வெளியே உட்கார்ந்து, என் பங்குக்கும் சேர்த்து ஒரு பருந்தை விரட்டிக்கொண்டிருந்தார். கடற்கரையில் ஒனிகிரி பறிக்க வரும் பருந்துகள் மேலேயும் ஒரு கண் வையுங்கள்.